லிஸ்பன்: ஒரு நிலநடுக்கத்தின் தடம் பிடித்து ஒரு நாள் நடை

லிஸ்பனுக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒரு தேதி. 1755 நவம்பர் 1, சனிக்கிழமை. அனைத்துப் புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணியைத் தாண்டியிருந்தது. தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன, பீடங்களில் எல்லாம் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அப்போது பூமி சில நிமிடங்கள் குலுங்கியது. கூரைகள் விழுந்தன, மெழுகுவர்த்திகள் சாய்ந்து தீப்பிடித்தது. தப்பியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். சுமார் நாற்பது நிமிடம் கழித்து தேஜு ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் உள்வாங்கி, பிறகு சுவர்போல எழும்பி வந்தது. 2004 டிசம்பரில் கடல் உள்வாங்கியதைப் பார்த்த நம் கடற்கரைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தண்ணீர் போன பிறகும் நெருப்பு பல நாள் எரிந்தது.

இந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் லிஸ்பன் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றாலும் ஒரே கேள்விதான்: இது அதற்கு முந்தையதா, பிந்தையதா? கோடு போட்டதுபோல் நேரான தெருவா, பிந்தையது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தா, முந்தையது. பலர் இந்த ஊரை மஞ்சள் டிராமிலேயே சுற்றிவிட்டு வந்துவிடுகிறார்கள். டிராம் நல்லதுதான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அதில் நேரம் கிடைக்காது.

நடை மொத்தம் சுமார் நாலு கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நிற்கத்தான் வந்திருக்கிறோம் என்பதால் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

செருப்பில் கவனம் வையுங்கள். லிஸ்பனின் நடைபாதைகள் சிறு சிறு சுண்ணாம்புக் கல் துண்டுகளைக் கையால் பதித்துச் செய்தவை, இடையிடையே கறுப்பு நிறக் கல்லில் கோலம். பார்க்க அழகு. ஆனால் நூறு வருடம் கால்பட்டு வழவழப்பாகிவிட்ட கல், மழைத் தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். அடிப்பகுதி தேய்ந்த காலணியோடு வராதீர்கள். நல்ல பிடிப்புள்ள ரப்பர் அடிப்பாகம் வேண்டும்.

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நடக்க இதமானவை. ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் நம் ஊர் வெயிலுக்குக் குறைந்ததில்லை. அப்போது போனால் குன்றுச் சரிவிலுள்ள பழைய பகுதியான அல்ஃபாமாவின் சந்துகளை மதியத்துக்கு ஒதுக்குங்கள், அங்கே நிழல் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ஒரு பாட்டில் கையில் இருந்தால் போதும்.

கிழமையும் முக்கியம். வழியில் வரும் கார்மு மடத்து அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். திங்கட்கிழமை ஊரில் பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. செவ்வாய் அல்லது சனி என்றால் பழம்பொருள் சந்தையும் சேர்ந்து கிடைக்கும், அதனால் நான் சனிக்கிழமையைத்தான் சொல்வேன்.

ஒன்று: ஆற்றங்கரைச் சதுக்கம்

மெட்ரோவின் நீலப் பாதையில் தெர்ரெய்ரு டு பாசு நிலையத்தில் இறங்குங்கள். அந்தப் பெயருக்கு ‘அரண்மனை முற்றம்’ என்று பொருள். வெளியே வந்தால் பெரிய சதுக்கம், மூன்று பக்கம் மஞ்சள் கட்டடங்கள், நாலாவது பக்கம் ஆறு. சதுக்கத்துக்கு இப்போது பிராசா டு கொமெர்சியு, அதாவது வணிகச் சதுக்கம், என்று பெயர். அரண்மனை எங்கே என்று தேடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில்தான் இருந்தது, 1755இல் போய்விட்டது. பல்லாயிரம் நூல்கள் இருந்த அரச நூலகமும் அதோடு அழிந்தது. அன்று காலை பூசை முடித்து ஊருக்கு வெளியே போயிருந்ததால் மன்னர் ஜொசே குடும்பத்தோடு தப்பினார். அதற்குப் பிறகு கல் கட்டடத்துக்குள் தூங்க அவருக்குத் துணிவு வரவில்லை. அஜுடா மேட்டில் கூடாரமும் மரக்கொட்டகையுமாக ஓர் அரண்மனை எழுப்பி அங்கேயே வாழ்ந்தார்.

சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் இருப்பவர் அவர்தான். மச்சாடு டி காஸ்த்ரு என்ற சிற்பி செய்த வெண்கலச் சிலை, 1775இல் திறக்கப்பட்டது. முன்பக்கமாகப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் பீடத்தைச் சுற்றி வாருங்கள். பக்கவாட்டில் ஒரு யானை இருக்கிறது. போர்ச்சுகலின் கப்பல்கள் கிழக்கே போய் எதையெல்லாம் கண்டன என்பதைச் சொல்லும் யானை. நம் பக்கத்து யானை என்றே எனக்குத் தோன்றும். பீடத்தின் முன்புறம் வட்டப் பதக்கத்தில் உள்ள முகம் அமைச்சர் பொம்பாலுடையது. ஊரை மறுபடி கட்டவைத்தவர் அவர். மன்னர் இறந்ததும் பதவி போயிற்று, பதக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் பல வருடம் கழித்துத்தான் திரும்பப் பொருத்தினார்கள்.

இதே சதுக்கத்தின் ஓரத்தில் 1908 பிப்ரவரி 1 அன்று மன்னர் கார்லோஸையும் பட்டத்து இளவரசரையும் வண்டியில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். இரண்டே வருடத்தில் முடியாட்சியும் முடிந்தது.

நகரும் முன் ஆற்றோரம் போங்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கோயில் குளத்துப் படித்துறை போலவே இருக்கும். நீர் வற்றும் நேரம் என்றால் அடிப்படிகள் வெளியே தெரியும். மாலையில் இங்கேயே திரும்பி வருவோம்.

இரண்டு: கோடு போட்டுக் கட்டிய ஊர்

சதுக்கத்தின் வடக்கில் பெரிய வளைவு. அதன் வழியே போனால் ருவா அகுஸ்தா. இங்கிருந்து ரோசியு சதுக்கம் வரை உள்ள தாழ்ந்த பகுதிக்கு பாய்ஷா என்று பெயர். தாழ்வு என்றுதான் பொருள். முழுவதும் 1755க்குப் பிறகு போட்ட தெருக்கள். முதியவர் மனுவெல் டா மாயா, எவுஜேனியு டுஸ் சாந்துஸ், கார்லூஸ் மார்டெல் ஆகிய மூன்று பொறியாளர்கள் திட்டம் போட்டார்கள். பழைய இடிபாடுகளைத் தட்டிச் சமன்செய்து மேலே நேர்க்கோட்டுத் தெருக்கள் போட்டார்கள். வீட்டு முகப்புகள் எல்லாம் ஒரே அச்சு. எந்தப் பிரபுவுக்கும் தன் வீட்டைத் தனியாக அலங்கரித்துக்கொள்ள இடம் தரவில்லை.

ருவா அகுஸ்தாவில் கூட்டம் மொய்க்கும். அதன் நடுவிலேயே நடந்துகொண்டிருக்க வேண்டாம். பக்கத்துத் தெருக்களுக்குள் மாறி மாறி நுழையுங்கள், பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். தெருவுக்கு ஒரு தொழில்: பொன் தெரு, வெள்ளித் தெரு, துணி வியாபாரிகள் தெரு, சேணம் தைப்பவர்கள் தெரு. ருவா டுஸ் சப்பாதெய்ருஸ் என்ற பலகையைப் பார்க்கும்போது யாழ்ப்பாணத்துக்காரர்கள் சட்டென்று நின்றுவிடுவார்கள். சப்பாத்துத் தைப்பவர்கள் தெரு! ஈழத்தமிழில் இன்றும் சப்பாத்துதான். இந்த ஊரில் அப்படி நம்மை நிறுத்தும் சொற்கள் நிறைய. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, துவாலை, பொத்தான், ஏலம், பாதிரி எல்லாம் போர்ச்சுகீசியர் நம் கரையில் விட்டுப்போனவை. கட்டட வேலைக்கு நாம் கூப்பிடும் மேஸ்திரியும் அவர்கள் ‘மெஸ்த்ர’தான். பாய்ஷாவைக் கட்டியவர்கள் அந்த மேஸ்திரிகள் என்று நினைத்துக்கொண்டு நடந்தால் தெரு கொஞ்சம் நெருக்கமாகிவிடுகிறது.

இந்த வீடுகளின் உள்ளே ஓர் அதிசயம் மறைந்திருக்கிறது. சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒரு கூண்டு. போர்ச்சுகீசியத்தில் ‘காயோலா’, பறவைக்கூண்டு என்று பெயர். செங்குத்துக் கட்டை, படுக்கைக் கட்டை, இரண்டுக்கும் இடையே பெருக்கல் குறிபோலச் சாய்ந்த கட்டைகள். நடுவே கல்லும் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு நிரப்பிப் பூசிவிட்டார்கள். பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். வெளிச்சுவர் உதிர்ந்தாலும் கூண்டு வீட்டைத் தாங்கும். சிறு மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிலும் படைவீரர்களைத் தடதடவென்று நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்றே திட்டமிட்டு ஒரு நகரப் பகுதியையே கட்டிய ஐரோப்பாவின் முதல் முயற்சிகளில் இது ஒன்று.

அண்ணாந்து பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கூரையைத் தாண்டி உயர்ந்து நிற்கும் சுவர் தெரியும். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்க எழுப்பியது. 1755இன் நெருப்பை நேரில் பார்த்தவர்கள் போட்ட சுவர் அது.

அடித்தளத்தையும் பார்க்க வழியிருக்கிறது. ருவா டுஸ் கொர்ரெய்ருஸில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் அகழாய்வு செய்த நிலவறை உண்டு. ஆற்று வண்டல் மண்ணில் அறைந்து இறக்கிய பைன் மரக்கட்டைகள் அங்கே தெரியும், கட்டடமே அவற்றின்மேல்தான் நிற்கிறது. நிலத்தடி நீரில் ஊறியிருக்கும்வரை மரம் உளுக்காது. பக்கத்திலேயே ரோமானியர் மீன் உப்பிட்ட தொட்டிகள். வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நடையில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் முன்பதிவு செய்ய முடியும் என்றால் நான் இதற்குச் செய்வேன்.

மூன்று: ரோசியுவும் எரிந்த கோயிலும்

ரோசியு சதுக்கத்தின் தரையில் கறுப்பும் வெள்ளையுமாக அலை அலையாகக் கல் பதித்திருக்கிறார்கள். ‘விரிகடல்’ என்று அந்தக் கோலத்துக்குப் பெயர். தரை மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் நின்று பார்த்தால் மேடும் பள்ளமுமாகத் தெரியும். வடக்கே தூண்களோடு இருக்கும் தேசிய நாடக அரங்கு, ஒரு காலத்தில், திருச்சபைக்கு மாறானவர்கள் என்று கருதியவர்களை விசாரித்துத் தண்டித்த மதவிசாரணை மன்றத்தின் மாளிகை நின்ற இடம். இங்கே அதிக நேரம் வேண்டாம், படம் எடுத்துக்கொண்டு வலப்பக்க மூலைக்குப் போங்கள்.

அங்கே சாவ் டொமிங்குஸ் கோயில். வெளியே சாதாரண முகப்பு. உள்ளே காலடி வைத்ததும் பேச்சு நின்றுவிடும். 1531இலும் 1755இலும் நிலநடுக்கம் இதை உடைத்தது. 1959 ஆகஸ்டில் தீ விபத்து. 1994இல் மறுபடி திறந்தபோது காயங்களை மறைக்காமலே விட்டுவிட்டார்கள். கூரையும் சுவரும் செம்மண் நிறம். தூண்களின் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: சூளையில் அளவுக்கு மீறி வெந்த செங்கல்போல வெடித்து, விளிம்பெல்லாம் உதிர்ந்து, இடுப்பளவு உயரத்தில் துண்டு துண்டாகப் பெயர்ந்து நிற்கின்றன. சிலைகள் இருந்த மாடங்களில் சில வெறுமையாகவே இருக்கின்றன. காலையில் சில வயதான பெண்கள் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் போன அன்று ஒரு பாட்டி எழுந்து போகும்போது வழியிலிருந்த தூணை, நம் கோயில்களில் தூணைத் தொட்டுக் கும்பிடுவதுபோலவே, தொட்டுவிட்டுப் போனார். எனக்கு லிஸ்பன் என்றால் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

இது வழிபாடு நடக்கும் இடம். பூசை நேரமென்றால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

வெளியே முற்றத்தில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் ஒன்று உள்ளது. 1506 ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறு சமயம், இந்தக் கோயிலில் தொடங்கிய கலவரத்தில் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டிருந்த யூதர்களை ஊரே கூடிக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். நினைவுக்கல் வந்தது 2008இல்தான். ஐந்நூறு வருடம் ஆகியிருக்கிறது.

அதே முற்றத்தின் மூலையில் 1840இலிருந்து நடக்கும் ஜின்ஜிஞ்ஞா கடை. நாலு பேர் நின்றால் நிரம்பிவிடும் கடை, ஆனால் வரிசை வெளியே நீளும். புளிப்புச் செர்ரியை ஊறவைத்து எடுக்கும் இனிப்பு மது அது. சின்னக் கோப்பையில் தருவார்கள் (கோப்பையும் அவர்கள் சொல்தான், ‘கோப்பு’). பழம் போட்டு வேண்டுமானால் ‘கோம் எலஷ்’, பழம் வேண்டாமென்றால் ‘செய்ம் எலஷ்’. குடிப்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடுத்தது செங்குத்தான ஏற்றம்.

நான்கு: கூரையில்லாத மடம்

ரோசியு ரயில் நிலையத்தின் முகப்பில் குதிரை லாடம்போல வளைந்த இரண்டு வாசல்கள் இருக்கும். அதை ஒட்டி ஏறும் கல்சாடா டு கார்முவைப் பிடியுங்கள். மூச்சு வாங்கும், ஆனால் பத்து நிமிடத்துக்குள் மேலே போய்விடலாம். முட்டி வலி உள்ளவர்கள் பாய்ஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு வழியாக மேலே வந்து அங்கிருந்து நடப்பது நல்லது. கீழேயிருந்து 45 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சாந்தா ஜுஸ்தா இரும்பு மின்தூக்கி 1902இல் வந்தது. அதைக் கீழே நின்று பார்ப்பதே போதுமான சந்தோஷம். வரிசையில் நின்று ஒரு மணி நேரத்தைக் கரைக்காதீர்கள்.

மேலே லார்கு டு கார்மு. நடுவே ஒரு நீரூற்று மண்டபம், சுற்றிலும் ஜக்கரண்டா மரங்கள். மே கடைசியிலும் ஜூனிலும் வந்தால் ஊதாப்பூ தரையை மூடியிருக்கும். 1974 ஏப்ரல் 25 அன்று இந்தச் சின்னச் சதுக்கத்தில்தான் நாற்பது வருடத்துக்கும் மேலான சர்வாதிகாரம் முடிந்தது. இங்கிருந்த காவற்படைத் தலைமையகத்துக்குள் பிரதமர் மர்செலு கைத்தானு ஒளிந்திருந்தார். ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய படையின் இளம் தளபதி சல்கெய்ரு மாயா வெளியே வண்டிகளோடு நின்றார். மக்கள் மரத்தின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள், சிப்பாய்களின் துப்பாக்கி வாய்களில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். மாலைக்குள் கைத்தானு பணிந்தார்.

சதுக்கத்தின் ஒரு பக்கம் கார்மு மடம். 1389இல் தொடங்கியது. 1755இல் கூரை விழுந்தது. மறுபடி கட்டத் தொடங்கினார்கள், 1834இல் துறவு மடங்களையெல்லாம் அரசு கலைத்தபோது வேலை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு கூரை போடவே இல்லை. உள்ளே போனால் கூர்வளைவுகள் வரிசையாக நிற்கின்றன, அவற்றுக்கு மேலே வானம் மட்டும். தரையில் புல். நுழைவுக் கட்டணம் உண்டு, தயங்காமல் கொடுங்கள். பின்னாலுள்ள அறைகளில் சிறிய தொல்பொருள் அருங்காட்சியகம். கல்லறைச் சிற்பங்களும் பெரு நாட்டு மம்மிகளும் உள்ளன. நான் சொல்வது, நடுக்கூடத்திலேயே அரை மணி உட்காருங்கள். நிழல் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நகர்வதைப் பார்க்கலாம்.

மடத்தின் பின்பக்கத்து மாடிக்கு இலவசமாகப் போகலாம். அங்கிருந்து பார்த்தால் கீழே பாய்ஷாவின் நேர்க்கோடுகள், எதிரே கோட்டைக் குன்று, அதன் சரிவில் ஒழுங்கில்லாமல் அடுக்கிய வீடுகள். பிந்தையதும் முந்தையதும் ஒரே பார்வையில்.

ஐந்து: ஷியாடு வழியாக இறக்கம்

சாப்பாட்டு நேரம். ஒரு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். உணவகத்தில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் மேசைக்கு வரும். சாப்பிட்டால் அவற்றுக்கும் பணம். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சைவக்காரர்கள் ‘சோப்பா டி லெகூம்ஸ்’ என்ற காய்கறிச் சூப்பைக் கேளுங்கள். ‘கால்து வெர்த்’ என்ற கீரைச் சூப் பச்சையாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அதில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். காபி ‘பிக்கா’ என்று கேட்டால் சின்னக் கோப்பையில் கடும் டிக்காஷன்; பால் சேர்த்து உயரமான கிளாஸில் வேண்டுமானால் ‘கலாவ்’.

ருவா கர்ரெட்டில் 1732இல் தொடங்கிய பெர்த்ராண்ட் புத்தகக் கடை இருக்கிறது. உலகில் இன்றும் நடக்கும் மிகப் பழைய புத்தகக் கடை என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த இடத்துக்கு வந்தது. உள்ளே அறைக்குள் அறையாக நீண்டுகொண்டே போகும். ஒரு தமிழ் வாசகர் இங்கே நிற்கும்போது நினைக்க வேண்டியது ஒன்று உண்டு. அச்சேறிய முதல் தமிழ் நூல் வெளிவந்தது இதே லிஸ்பன் நகரில்தான், 1554இல். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு, போர்ச்சுகீசிய மொழிபெயர்ப்போடு அச்சிட்ட சிறு செபநூல் அது. கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாக இன்னும் 24 வருடம் இருந்தது. லிஸ்பனில் அச்சான அந்தச் செபநூலின் பிரதி பெலேம் பகுதியிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நம் மொழி முதன்முதலாக அச்சுமையைத் தொட்ட ஊரில் நடக்கிறோம் என்பது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும் செய்தி.

அங்கிருந்து இறங்கி ருவா டா கொன்செய்சாவ் வழியாகக் கிழக்கே போங்கள். டிராம் 28 இதே தெருவில் போகும். ஆசைக்கு ஏறுவதானால் அதிகாலையில் ஏறுங்கள். பகலில் நெரிசல், ஜேப்படிக்காரர்களும் அதிகம்.

ஆறு: அந்தோணியார் பிறந்த வீடு

ஏற்றம் மறுபடி தொடங்குகிறது. பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, இடப்புறம், சாந்து அந்தோனியு கோயில். நம் ஊர்களில் கோடி அற்புதர் என்று கும்பிடுகிறோமே, உவரியிலும் புளியம்பட்டியிலும் கொழும்புக் கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும், அந்த அந்தோணியார் பிறந்த இடம் இது. சுமார் 1195இல் பிறந்தார், பெயர் ஃபெர்னாந்து. பதுவை இத்தாலியில் உள்ள ஊர், அங்கே 1231இல் இறந்தார், அதனால் உலகுக்குப் பதுவை அந்தோணியார். லிஸ்பன்காரர்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள், அவர் எங்கள் ஊர்ப் பிள்ளை என்பார்கள்.

பழைய கோயில் 1755இல் இடிந்தது. மறுபடி கட்டுவதற்காகச் சிறுவர்கள் தெருத்தெருவாக ‘அந்தோணியாருக்கு ஒரு சில்லறை’ என்று கேட்டு வாங்கினார்களாம். தப்பியது நிலவறை மட்டும். குறுகிய படியில் இறங்கினால் அவர் பிறந்த அறை என்று சொல்லும் சின்ன இடம். பக்கத்தில் ஒரு ஜன்னல்கூட இல்லை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போய்ப் பழகிய அம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், இங்கிருந்து ஒரு போன் போடுங்கள். ஜூன் 12 இரவு இந்த வட்டாரம் முழுக்கத் திருவிழா. தெருவிலேயே மத்தி மீன் சுடுவார்கள், துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியைத் தொட்டியோடு வாங்கிப் பிரியமானவர்களுக்குக் கொடுப்பார்கள்.

மேலே ‘சே’ எனப்படும் பேராலயம். 1147இல் போர்ச்சுகலின் முதல் மன்னர் அஃபோன்சு என்ரிக்ஸ், இங்கே ஆண்ட முஸ்லிம்களான மூர்களிடமிருந்து ஊரைப் பிடித்ததும், மசூதி இருந்த இடத்தில் எழுப்பியது. கோட்டை மாதிரி முரட்டுக் கோபுரங்கள். அந்தோணியார் இங்கேதான் திருமுழுக்குப் பெற்றார் என்பது மரபு. உள்ளே சட்டென்று பார்த்துவிட்டு மேலே நடக்கலாம்.

ஏழு: அல்ஃபாமா

சாந்தா லுசியா பார்வைத் தளம் வரும்வரை டிராம் தண்டவாளத்தோடே ஏறுங்கள். காகிதப்பூக் கொடி படர்ந்த பந்தல், கீழே ஓட்டுக்கூரைகள், அப்பால் ஆறு. கோயில் சுவரில் நீலநிறப் பீங்கான் ஓடுகளில் ஒரு படம் இருக்கிறது: காலையில் நாம் நின்ற சதுக்கம், நிலநடுக்கத்துக்கு முன்னால், அரண்மனையோடு. காலை எட்டரைக்கு இல்லாமலிருந்த அரண்மனையை மாலை மூன்று மணிக்குப் பார்க்கிறோம்.

இன்னும் நூறடி நடந்தால் போர்தாஸ் டு சோல். அங்கிருந்து இடப்புறம் தெரியும் பெரிய வெள்ளைக் குவிமாடம் சாந்தா எங்க்ராசியா. 1682இல் தொடங்கி 1966இல் முடித்தார்கள். முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் வேலையை அங்கே ‘சாந்தா எங்க்ராசியா வேலை’ என்பார்கள். செவ்வாய், சனியில் அந்தக் குவிமாடத்தின் பக்கத்தில்தான் ஃபெய்ரா டா லாட்ரா பழம்பொருள் சந்தை. மதியத்துக்கு மேல் கடைகள் கலைய ஆரம்பித்துவிடும் என்பதால், சந்தை வேண்டுமானால் இந்தப் பகுதிக்குச் சற்று முன்கூட்டியே வந்துவிடுங்கள்.

போர்தாஸ் டு சோலிலிருந்து படியிறங்கினால் அல்ஃபாமா. பெயரே அரபு, வெந்நீர் ஊற்று என்று பொருள். இங்கும் 1755இல் வீடுகள் விழுந்தன. ஆனால் பாய்ஷா நின்றது ஆற்று வண்டல்மேல், இது நின்றது குன்றின்மேல்; தெருக்களின் பழைய பின்னல் அப்படியே தப்பியது. போனில் வரைபடத்தை மூடிவிடுங்கள். இங்கே அது எப்படியும் குழம்பிவிடும். விதி ஒன்றே: இறங்கிக்கொண்டே இருந்தால் ஆற்றுக்கு வந்துவிடுவீர்கள். சாவ் மிகெல் கோயில் முற்றத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், பெக்கு டு கார்னெய்ரு சந்தில் கையை விரித்துப் பாருங்கள், இரண்டு சுவரும் எட்டும். மேலே ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு, துவாலைகள் சொட்டுகின்றன. வீட்டுக்குள்ளிருந்து குக்கர் சத்தமோ டிவி சத்தமோ வரும். இது குடியிருக்கும் இடம், அருங்காட்சியகம் இல்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ‘போவா தார்த்’, மாலை வணக்கம், என்று சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி சொல்ல ஆண்கள் ‘ஒப்ரிகாடு’, பெண்கள் ‘ஒப்ரிகாடா’.

கீழே வந்தால் ஃபாது இசை அருங்காட்சியகம் இருக்கும் சதுக்கம். ஆற்றோரமாக மேற்கே திரும்புங்கள். வழியில் அரசர் நீரூற்று, ஷஃபரிஸ் டெல் ரெய். 1551இல் நகராட்சி இங்கே ஒரு விதி போட்டது: எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிக்கலாம், அடிமைகளுக்கு எது, வெள்ளையருக்கு எது என்று. தனிக்கிணறு, தனிக்குவளை அறிந்த நாம் அந்தக் குழாய்களின் முன் சும்மா கடந்துபோக முடியாது.

எட்டு: கூர்க்கல் வீடு

கடைசி நிறுத்தம் காசா டுஸ் பிக்குஸ். முகப்பு முழுவதும் பட்டை தீட்டிய வைரம்போலக் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள். கோவாவையும் மலாக்காவையும் பிடித்த அஃபோன்சு டி அல்புகெர்க்கின் மகன் 1523இல் கட்டியது. கீழைக்கடல் பணத்தில் எழும்பிய லிஸ்பனின் ஒரு முகம் இது. நாலு மாடி. மேல் இரண்டு மாடிகள் 1755இல் போயின. இருநூறு வருடத்துக்குமேல் மொட்டையாகவே நின்ற வீட்டுக்கு, பழைய படங்களைப் பார்த்து 1980களில்தான் மேல் மாடிகளைத் திரும்பக் கட்டினார்கள். தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். கீழே பழைய ஜன்னல்கள், மேலே புதியவை. காலையிலிருந்து நாம் கேட்டுவந்த கேள்விக்கு இந்த ஒரு சுவரில் மேலும் கீழுமாக இரண்டு பதிலும் இருக்கின்றன.

இப்போது இது நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஜொசே சரமாகுவின் அறக்கட்டளை. எதிரே நிற்கும் ஆலிவ் மரம் அவர் பிறந்த கிராமத்திலிருந்து கொண்டுவந்து நட்டது, அவருடைய அஸ்தி அதன் வேரடியில் இருக்கிறது. பக்கத்தில் பெஞ்சு உண்டு. காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

அப்புறம் ஆற்றோரமாகவே பத்து நிமிடம் நடந்தால் காலையில் தொடங்கிய படித்துறை. சூரியன் பாலத்தின் பக்கம் இறங்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள், யாராவது கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் தொடும் படிகளில் பாசி பிடித்திருக்கும். ஈரம் காய்ந்த படியாகப் பார்த்து உட்காருங்கள்.